இருபதடி பைப்பும் பன்னிரண்டடி வண்டியும்: கூரையில் பைப் ஏற்றப் பழகுகிறவர்களுக்கு

பிளம்பிங் வேலைக்கென்று புதிதாக வண்டி எடுத்த தம்பிகள் வந்து கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, பைப் கட்ட எந்தக் கயிறு வாங்கலாம்?" என்பதுதான். நானும் ஆரம்பத்தில் கயிற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் கூரையில் பைப் ஏற்றுவதில் பாதித் தொல்லை, கயிற்றைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே, கடை வாசலில் எத்தனை அடி பைப் வாங்குகிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் கயிற்றுக்கு மெதுவாக வருகிறேன்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம். முதலில் ஒரு பழைய ஆம்னி, இப்போது ஈக்கோ. கீழே சொல்வதெல்லாம் இந்த மாதிரிச் சின்ன வேன்களை மனதில் வைத்துத்தான்.

முதலில் இன்ச் டேப்பை எடுங்கள்

மாருதி ஈக்கோவின் மொத்த நீளம் 3,675 எம்எம், அதாவது 12 அடி. ஆம்னி 3,370 எம்எம், 11 அடி. ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசின இரும்புக் குழாய், ஒரு லெங்த் 6 மீட்டர், நாம் இருபதடி என்கிறோம். பிவிசியும் பெரும்பாலும் அதே நீளம். கணக்குப் போட்டால் ஈக்கோவின் கூரையில் ஒரு முழு லெங்த் வைத்தால் கிட்டத்தட்ட ஏழரை அடி வண்டிக்கு வெளியே நிற்கும். முன்னால் இரண்டரை அடி, பின்னால் ஐந்தடி என்று பிரித்துக் கட்டிக்கொண்டு போகிற வண்டிகளைத் தினமும் பார்க்கிறோம், நானே அப்படிப் போயிருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை.

பின்னால் சிவப்புத் துணி கட்டிவிட்டால் சட்டப்படி சரி என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது பழைய கதை. சரக்கு 1 மீட்டர் வரை பின்னால் நீட்டிக்கொண்டிருக்கலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்த அனுமதியை 2014-இல் எடுத்துவிட்டார்கள். நீட்டிய கம்பியில் பின்னால் வந்தவர்கள் மோதிச் சாவது அவ்வளவு நடந்ததால்தான் அந்த மாற்றமே வந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194-ஆம் பிரிவில் புதிதாக ஒரு உட்பிரிவு சேர்ந்தது: சரக்கு முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், அதோடு அங்கேயே இறக்கிவைக்கிற கூலியும் நம் தலையில். ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவரும் மாட்டலாம். ஹெல்பர் தம்பியிடம் சாவியைக் கொடுத்து "போயிட்டு வந்துடு" என்று அனுப்புகிற மேஸ்திரிகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சரி, அப்படியென்றால் இருபதடி பைப்பை என்ன செய்வது?

கூரையில் ஏற்றாதீர்கள். நான் இதைச் சுற்றிவளைத்துச் சொல்லப் போவதில்லை. எண்ணிக்கை அதிகம் என்றால் கடைக்காரரையே சைட்டில் இறக்கச் சொல்லுங்கள், நாலு சைட் எடுத்துச் செய்கிறவருக்கு வண்டி வாடகை ஒரு பெரிய செலவில்லை. வாடகைக்குக் குட்டியானை (டாடா ஏஸ்) பிடித்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அதன் பாடியே சுமார் 7 அடிதான், அதிலும் பைப்பைக் கேபின் மேல் சாய்த்துத்தான் கட்டுவார்கள். இருபதடிக்கு இருபதடி பாடி வேண்டும்.

ஒன்றிரண்டு லெங்த் மட்டும் வேண்டும் என்றால் கடையிலேயே பாதியாக வெட்டிவிடுங்கள். "வெட்டினால் ஒரு கப்ளர் சேர்த்துச் செலவு ஆகுமே, ஜாயிண்ட் கூடுமே" என்று மனசு இழுக்கும். யோசித்துப் பாருங்கள், வீட்டு வேலையில் வெட்டாமல் போடுகிற இருபதடி எத்தனை? குளியலறைக்குள் நாலடி, ஆறடி என்று எப்படியும் வெட்டத்தான் போகிறோம், அதைச் சைட்டில் வெட்டாமல் கடை வாசலில் வெட்டுகிறோம், அவ்வளவுதான். அதோடு பலவற்றுக்கு வெட்டவே தேவையில்லை. சுடுதண்ணீருக்கும் போடுகிற சிபிவிசி 3 மீட்டரிலும் 5 மீட்டரிலும் வருகிறது, 3 மீட்டர் கேளுங்கள். கழிவுநீருக்கான எஸ்டபிள்யூஆர் பைப்பும் பத்தடியில் கிடைக்கும். கரண்டு வேலைக்கான கன்ட்யூட் பைப் வருவதே பத்தடியில்தான். ஜிஐ மட்டும் கொஞ்சம் சிரமம்: அளவை முதல்நாளே எடுத்துவைத்து, கடையில் வெட்டி மரை போட்டு வாங்கிவிட்டால் சைட்டில் மரை வெட்டுகிற கட்டையோடு மல்லுக்கட்டுகிற வேலையும் மிச்சம்.

பத்தடி என்றால் 3 மீட்டர். ஈக்கோவின் நீளத்துக்குள், முன்னால் தலை நீட்டாமல், பின்கதவுக்கு வெளியே வால் நீட்டாமல் அடங்கிவிடும்.

எடை

கூரை எவ்வளவு தாங்கும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பல சின்ன வண்டிகளில் அது 50 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது, அதற்குள் கூரையில் மாட்டுகிற கேரியரின் எடையும் அடக்கம். இரும்புக் குழாயில் வெல்டு பண்ணி அடித்த டாப் கேரியர் ஒன்றே 20 கிலோ வந்துவிடலாம். ஒரு இன்ச் ஜிஐ மீடியம் பைப் மீட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ, முழு லெங்த் 15 கிலோ. இரண்டு இன்ச் என்றால் முழு லெங்த் 30 கிலோ. அப்படியானால் ஒரு இன்ச்சில் முழு லெங்த் இரண்டே இரண்டை வெட்டி நாலு துண்டாக ஏற்றினாலே கேரியரோடு சேர்த்துக் கூரை நிறைந்துவிட்டது என்று அர்த்தம். "தாங்குதே, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். நின்றிருக்கும்போது தாங்கும். வேகத்தடையில் குதிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும்தான் கூரைக்கு அதன் வலி தெரியும், மேலே பாரம் ஏறினால் வண்டி ஆடுகிற ஆட்டமும் வேறு.

பிவிசி எடையில் சாது. அதன் சிக்கல் வெயில். சித்திரை வெயிலில் கூரைத் தகடு தொட முடியாத சூடு, அந்தச் சூட்டில் பிவிசி இளகும், கேரியரின் இரண்டு குறுக்குப் பட்டைக்கு நடுவே தொங்கும், சாயங்காலம் இறக்கினால் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். அதனால் குறுக்குப் பட்டை இரண்டு போதாது, மூன்று வையுங்கள். மேலே ஒரு வெளிர் நிறத் தார்ப்பாய், அதையும் ஓரம் படபடக்காமல் இறுக்கிக் கட்டி.

கேரியரைப் பற்றி ஒரு வார்த்தை: வாரத்துக்கு ஒருமுறை அதன் கிளாம்ப் நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். பைப் கேரியரோடு இறுக்கமாகத்தான் இருந்தது, கேரியர்தான் வண்டியோடு இல்லை என்கிற நிலைமை வரக்கூடாது.

இப்போது கட்டுவது

கூரையில் கிடக்கிற பைப்பை மூன்று விசைகள் இழுக்கின்றன. பிரேக் அடித்தால் முன்னால் பாய்கிறது. காற்று அதைத் தூக்கப் பார்க்கிறது. வளைவில் பக்கவாட்டில் உருள்கிறது. இதில் மோசமானது முதலாவது. சரக்கு கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கிற கணக்கு, முன்பக்கம் சரக்கின் எடையில் 80 சதவீத விசையைத் தாங்கும்படி கட்ட வேண்டும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீதம். 30 கிலோ ஜிஐ என்றால் சடன் பிரேக்கில் 24 கிலோ முன்னால் தள்ளுகிறது, அதுவும் ஈட்டி மாதிரி ஒரு முனையில்.

எனக்கு இது புத்தியில் ஏறியது சூலூர் தாண்டித் திருச்சி சாலையில். முக்கால் இன்ச் ஜிஐ, வெட்டின துண்டுகள், ஏழெட்டு இருக்கும். ஒரே கட்டாகச் சேர்த்து நைலான் கயிற்றால் முன்னாலும் பின்னாலும் சுற்றி, தொங்கிப் பார்த்து, அசையவில்லை என்று திருப்தியோடுதான் கிளம்பினேன். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது, நானும் மிதித்தேன். கட்டு அசையவில்லை. கட்டுக்கு நடுவில் இருந்த ஒரே ஒரு பைப் மட்டும், உறையிலிருந்து கத்தி உருவின மாதிரி, என் கண்ணாடிக்கு முன்னால் இரண்டடி நீண்டு, லாரியின் பின்பலகைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. அதற்கப்புறம் பத்து நிமிடம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் அப்படி? வெளியே சுற்றுகிற கயிறு வெளியில் இருக்கிற பைப்புகளைத்தான் பிடிக்கும். நடுவில் இருப்பவை பக்கத்துப் பைப்பின் உரசலில்தான் நிற்கின்றன, எண்ணெய்ப் பிசுக்குள்ள ஜிஐயிலும் வழவழப்பான பிவிசியிலும் அந்த உரசல் மிகக் குறைவு, மழையில் நனைந்தால் இன்னும் குறைவு. கயிற்றை எவ்வளவு முறுக்கினாலும் இது தீராது.

இதற்கு நான் செய்கிறது இப்படி.

முதலில் முன்தடுப்பு. கேரியரின் முன்பக்கம் குறுக்கே ஒரு தடுப்பு, அரை இன்ச் பிளைவுட் பலகையோ தகடோ, நாலு போல்ட் போட்டு முடுக்கியது. எல்லாப் பைப்பின் மூக்கும் அதில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நடுவே அரை அடி இடைவெளி விட்டால் அந்த அரை அடி ஓடிவந்து முட்டும். பிரேக் அடித்தால் பைப் முட்டுவது பலகையில், முன்னால் போகிறவர் முதுகில் இல்லை. எல்லாவற்றையும் விட இந்த ஒரு பலகையைத்தான் நான் முக்கியம் என்பேன்.

அடுத்தது கீழே விரிப்பு. குறுக்குப் பட்டைகளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள். ரப்பர் மேல் பைப் வழுக்காது, பைப்பிலும் கீறல் விழாது. டியூபை இதற்கு வையுங்கள். அதையே கயிறாக்கிப் பைப்பைக் கட்டுகிற பழக்கம் வேண்டாம், நீளுகிற சாமான் எப்போதும் நீளும்.

பிறகு பைப்பைக் கட்டாகச் சேர்ப்பது. ஒரே அளவு ஒரு கட்டு. ஜிஐயையும் பிவிசியையும் கலக்காதீர்கள். முன்முனையையும் பின்முனையையும் சணல் சாக்கால் மூடி, சாக்கைப் பைப்போடு சேர்த்துக் கட்டுங்கள். மரை கெடாது, நடுப்பைப் உருவி வெளியே வந்தாலும் சாக்கு பிடிக்கும், சைட்டில் குழந்தைகள் ஓடிவந்தால் கண்ணில் குத்தாது.

கடைசியில்தான் பெல்ட். நைலான் கயிற்றை விட்டுவிட்டு, கைப்பிடியை ஆட்டி இறுக்குகிற ராட்செட் பெல்ட் இரண்டு வாங்குங்கள், 25 எம்எம் அகலம் நம் வேலைக்குப் போதும். நைலான் நனைந்தால் நீளும், அந்த நீல நிறப் பிளாஸ்டிக் கயிற்றிலோ முடிச்சே நிற்காது. பெல்ட்டை மேலே சும்மா போட்டு இழுக்காமல், பைப்புக் கட்டை ஒருமுறை முழுசாகச் சுற்றி, அப்புறம் கேரியரின் பட்டையில் கொக்கியை மாட்டுங்கள். கட்டே நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், உருளாது. ராட்செட்டின் உருளையில் பெல்ட் இரண்டு மூன்று சுற்று வந்திருக்க வேண்டும், ஒரு சுற்றில் நின்றால் உருவிக்கொள்ளும். மிச்ச வாலைக் காற்றில் ஆடவிடாமல் முடிந்துவையுங்கள். இறுக்கமான பெல்ட் காற்றில் 'ங்ங்ங்' என்று ஊளையிடும், முதல்முறை கேட்டால் எஞ்சின் போய்விட்டது என்று பயந்துவிடுவீர்கள். பெல்ட்டில் அரை முறுக்கு ஒன்று கொடுத்துக் கட்டினால் சத்தம் போய்விடும்.

பிவிசியில் ராட்செட்டைக் 'கடக் கடக்' என்று ஆசை தீர இழுக்காதீர்கள். வெயிலில் இளகின பைப் நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்துவிடும், சைட்டில் கப்ளருக்குள் போகாது, வாடிக்கையாளர் முன்னால் நாம் கம்பெனியைத் திட்டிக்கொண்டு நிற்போம். கையால் பிடித்து ஆட்டினால் பைப்போடு வண்டியே லேசாக ஆட வேண்டும், அதுதான் அளவு.

கயிற்றைக் கதவுக்குள் விட்டு வண்டியைச் சுற்றிக் கட்டுவதும் வேண்டாம். மழை பெய்தால் தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக மடியில் வந்து சொட்டும், கதவு ரப்பரும் போகும்.

பைப்புக்குள் பைப்

கரண்டு வேலை பார்க்கிறவர்களுக்கும் அரை இன்ச், முக்கால் இன்ச் சிபிவிசி தினமும் தூக்குகிறவர்களுக்கும் இன்னொரு நல்ல வழி இருக்கிறது. 160 எம்எம் பிவிசி பைப்பில், நாம் ஆறு இன்ச் என்போமே, அதில் பத்தேகால் அடி வெட்டி, கேரியரின் ஒரு ஓரத்தில் கிளாம்ப் போட்டு நிரந்தரமாக மாட்டிவிடுவது. முன்பக்கம் மூடி போட்டு சால்வென்ட் (பிவிசி பசை) வைத்து ஒட்டி, வெளியே இரண்டு ஸ்க்ரூ. பின்பக்கம் மரை வைத்த மூடி, அதில் ஓட்டை போட்டு ஒரு சின்னப் பூட்டு. அடிப்பக்கம் தண்ணீர் வடிய நாலைந்து துளை. குழாயின் எடை 10 கிலோவை ஒட்டி வரும். 25 எம்எம் கன்ட்யூட் இருபது வரை தாராளமாகப் போகும், கட்டுவதும் இல்லை அவிழ்ப்பதும் இல்லை, வெயிலும் நேராகப் படாது. உள்ளே கொஞ்சம் பைப்தான் இருக்கிறதென்றால் பின்பக்கம் ஒரு சாக்கைச் சுருட்டித் திணித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழியெல்லாம் கடகடவென்று மேளம்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை, துளைகளைப் பெரிதாகப் போட்டால் குளவி குடியேறும். எனக்கு நேர்ந்தது. மூடியைத் திறந்த ஹெல்பர் அன்றைக்கு வேலையே செய்யவில்லை, நான் கேட்கவும் இல்லை.

கூரைக்கு ஆகாதவை

ஏசி வேலைக்கான காப்பர் டியூப் சுருள் கூரைக்கு வரவே கூடாது. லேசாக நசுங்கினாலும் போச்சு, முனை மூடி கழன்று தூசியும் ஈரமும் ஏறினால் அப்புறம் கம்ப்ரஸருக்குக் கேடு. வண்டிக்குள் படுக்கப் போட்டு, மேலே எதையும் வைக்காமல் கொண்டுபோங்கள். எச்டிபிஇ (வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்) சுருளைக் கூரையில் படுக்கவைத்து நாலு இடத்தில் கட்டலாம், ஆனால் சுருளைக் கட்டியிருக்கிற பட்டையைக் கூரையில் வைத்து வெட்டாதீர்கள், பாம்பு மாதிரி சீறிக்கொண்டு விரியும், முகத்தில் அடித்தால் பல் மிஞ்சாது. ஓரடி ஒன்றரையடி வெட்டுத் துண்டுகளைக் கட்டுக்கு நடுவே செருகுகிற பழக்கமும் வேண்டாம், அவை ஒரு வாளியில் போட்டு உள்ளே.

ஓட்டும்போது

கிளம்பி இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் முதல் குலுக்கலில் பைப்புகள் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும், பெல்ட் தளரும். இன்னும் இரண்டு 'கடக்' இழுத்தால் அப்புறம் நிற்கும்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நான்கு மடங்கு. 40-இல் சும்மா இருந்த தார்ப்பாய் 80-இல் கூரையைப் பிய்க்கப் பார்ப்பது அதனால்தான். மேலே பைப் இருந்தால் நான் 50-ஐத் தாண்டுவதில்லை. எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நான்கு இன்ச் பிவிசி எம்மாத்திரம். பாலத்தில் ஏறும்போதும், பெரிய லாரியைத் தாண்டி வெளியே வரும்போதும் பக்கத்திலிருந்து ஒரு தள்ளு வரும், ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடியுங்கள்.

உயரத்தை மறக்காதீர்கள். ஈக்கோ 1.8 மீட்டர், கேரியரும் பைப்பும் சேர்ந்தால் 2.1, 2.2-க்கு வந்துவிடும். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் வாசலில் எழுதியிருக்கிற எண்ணைப் படித்துவிட்டு இறங்குங்கள். பைப் ஏற்றிய உயரத்தை ஒருமுறை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். தெருவில் தாழத் தொங்குகிற கேபிள் ஒயர், திருவிழாத் தோரணம், எல்லாம் இந்த எண்ணுக்குள் வந்துவிடுகின்றன.

இறக்கும்போது

ஊர் வந்து சேர்ந்தாயிற்று என்ற அவசரத்தில்தான் கைகால் போகும். வண்டியை மேலே கரண்டுக் கம்பி இல்லாத இடத்தில் நிறுத்துங்கள், நிழலைத் தேடுவதற்கு முன்னால் இதைத் தேடுங்கள். கூரையிலிருந்து எடுத்த ஜிஐ பைப்பைச் செங்குத்தாக நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பது பலருக்குக் கைப்பழக்கம். நம் ஊர்த் தெருக்களில் மொட்டைமாடியை உரசிக்கொண்டு ஈபி கம்பி போகிறது, இருபதடி பைப்பை நிமிர்த்தினால் எட்டிவிடும், பத்தடியையும் மாடியில் நின்று நிமிர்த்தினால் எட்டும். அதனால் படுக்கைவாக்கில், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர், அவ்வளவுதான். தனியாகப் போயிருந்தால் ஒவ்வொன்றாக.

ராட்செட்டைத் திறக்கும் முன் கட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள், அந்தப் பக்கம் நிற்காதீர்கள். பெல்ட் விட்டதும் பைப் உருண்டு வருவது அங்கேதான். பின்பக்கப் பெல்ட்டை முதலில் தளர்த்தி, முன்பக்கம் பிடித்திருக்கும்போதே ஒரு கையால் கட்டைத் தாங்கிக்கொண்டு, அப்புறம் முன்பெல்ட்டை விடுங்கள்.

இறக்கின பிவிசியைச் சுவரில் சாய்க்காமல் நிழலில் தரையோடு படுக்கப் போடுங்கள், நாளைக்கும் நேராக இருக்கும். பெல்ட்டை ஈரத்தோடு சுருட்டி டூல் பாக்ஸில் போடாதீர்கள், ராட்செட் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிரிந்திருந்தால் அதைத் தைக்க வேண்டாம், கத்தரித்து வாளி தூக்குகிற வாராக வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.